இடது முன்சக்கரம்

ஜனக்புரி, புது தில்லி
அக்டோபர் 5

அன்புள்ள டெல்பினுக்கு,

அண்ணன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் மூன்று பேரும் சுகம். உனக்கும் உன் ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நெற்றியைச் சுருக்காதே. டூட்டியில் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். பகலில் நான் தூக்கம். வீட்டில் பேசினால் இரண்டு அறைக்கும் கேட்கும். வாட்ஸ்அப் என்றால் என் போன் பாதி நேரம் லிடியா கையில். கடிதத்தில் அந்தப் பயமில்லை, உன் மருமகளுக்குத் தமிழில் தன் பெயரைத் தாண்டி எழுத்துக்கூட்ட வராது. பதிலை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பு. உன் மதினி பிலோமினாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

விஷயம் இதுதான். ஆகஸ்டில் ஒரு நாள் காலை தௌலா குவான் சிக்னலில் கார் தாமதமாக நின்றது. முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அன்று சாயந்திரம் பிலோமினா, "பிரேக் சரியில்ல. நாளையிலருந்து நான் மெட்ரோவுல போய்க்கிடுதேன்" என்றாள். இப்போது ராஜௌரி கார்டனில் வண்டி மாறி, நின்றுகொண்டே மோதி பாக் பள்ளிக்கூடம் போகிறாள்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். பதினொரு வருடமாக நைட் டூட்டி நர்ஸ். காலை ஏழு மணிக்கு வெளியே வந்து, அவளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து படுப்பேன். அவள் திரும்பும்போது நான் தூக்கம். அவள் சமைத்து முடிக்கும்போது நான் கிளம்பியாக வேண்டும். காரில் போகும் அந்த நாற்பது நிமிடம்தான் எனக்கும் அவளுக்கும் சேர்ந்து கிடைத்த நாள். அதுவும் போனதிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களாக இருக்கிறோம். எனக்குத் தாங்கவில்லை, டெல்பின்.

அதனால் மாயாபுரி பழைய வண்டிச் சாமான் சந்தைக்குப் போய், இதே காரின் உயர்ந்த மாடலுக்கு வரும் பெரிய பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் பழையதில் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். நானே மாட்டப் போகிறேன். அவளிடம் ஒர்க்‌ஷாப்பில் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். எப்படி மாட்டுவது என்று எழுது.

அன்புடன்,
வில்பிரட்

---

வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்
அக்டோபர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம், ஒர்க்‌ஷாப் சுகம், மழைதான் விடவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு லிப்டில் ஏற்றியிருந்த காரை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஊசி போடுகிற கைக்கு ஸ்பேனர் எதற்கு? தில்லியில் மெக்கானிக்கே இல்லையா? சரி, வாங்கிவிட்டாய். நான் வேண்டாம் என்றால் கேட்கிற ஆளும் நீ இல்லை.

காற்று எடுக்கிற நிப்பிள் மேல்பக்கம் வர வேண்டும். கீழே வந்தால் இடதும் வலதும் மாறிவிட்டது என்று அர்த்தம். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் சறுக்குகிற சாமான். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அது தளர்ந்து கொடுக்க வேண்டும். ஆகவே பின்கள் விரலால் தள்ளினாலே ஓட வேண்டும். அதற்கென்றே பிரேக் ரப்பர் கிரீஸ் விற்கிறது, அதைப் போடு. கண்ட கிரீஸையும் போடாதே, பெட்ரோலியத்தில் செய்தது பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

டிஸ்க்கில் உரசுகிற பழைய பிரேக் பேடைக் கழற்றும்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுது.

மதினிக்கும் லிடியாவுக்கும் தேங்காய் எண்ணெய் ஐந்து லிட்டர் பார்சலில் போட்டிருக்கிறேன். செக்கில் ஆட்டியது. உன் வழுக்கைக்கு வீணாக்காதே.

உன் தங்கை,
டெல்பின்

---

ஜனக்புரி
அக்டோபர் 22

அன்புள்ள டெல்பினுக்கு,

சுகம், சுகம், பரம சுகம். முதுகு மட்டும் நிமிர மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினாவும் லிடியாவும் பூசை முடிந்து அப்படியே ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டார்கள். ஆறு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. இரண்டு பக்கமும் மாட்டிவிட்டேன். நிப்பிள் மேலேதான் இருக்கிறது, மூன்று தடவை பார்த்தேன். பைப்பிலிருந்து காற்றை எடுக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? புது டிரிப் குழாய் ஒன்றை நிப்பிளில் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டேன். குழாயில் ஒரு குமிழி வந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது, அதைத்தானே பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். இப்போது பெடலை மிதித்தால் கல்லாக நிற்கிறது.

இந்த வியாழக்கிழமை பிலோமினா ஏறுவதாகச் சொல்லியிருக்கிறாள். கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள், பிறகு சரி என்றாள். எனக்கு அன்று பூராவும் தூக்கமே வரவில்லை.

எண்ணெய் வந்து சேர்ந்தது. நல்ல நேரத்தில் வந்தது.

அன்புடன்,
வில்பிரட்

---

நாகர்கோவில்
அக்டோபர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லை. டிரிப் குழாய்க் கதையை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என்னிடம் வேலை பார்க்கும் முருகன், சாரை இங்கே வரச் சொல்லுங்கள் அக்கா, எனக்கு லீவு வேண்டும் என்கிறான்.

மதினி காரில் ஏறியது எனக்கும் சந்தோஷம். போனில் தானாகவே சொன்னாள். நான் ஒன்றும் தெரியாதவளாக, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். பொய் சொல்ல எனக்கு வராது, அது உனக்கே தெரியும்.

இரண்டு விஷயம் நீ எழுதவில்லை. பின்னுக்கு எந்த கிரீஸ் போட்டாய்? பழைய பேட் எவ்வளவு தேய்ந்திருந்தது?

உன் தங்கை,
டெல்பின்

---

ஜனக்புரி
நவம்பர் 16

அன்புள்ள டெல்பினுக்கு,

புகை மூட்டத்தில் மூக்கு எரிகிறது, மற்றபடி எல்லோரும் நலம். பதில் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். சந்தோஷமாக இருக்கிறவனுக்குக் கடிதம் எழுத நேரம் கிடைப்பதில்லை.

பிலோமினா தினமும் வருகிறாள். முன்பெல்லாம் பாதி வழி ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் வருவாள். இப்போது வாய் ஓய்வதில்லை. ஸ்டாஃப் ரூம் சண்டை, ஆறாம் வகுப்பில் ஒருவன் பரீட்சைத் தாளில் வரைந்த ஆட்டோ, உன் ஒர்க்‌ஷாப் வம்பு, எல்லாம் ஓடுகிறது. பேச்சு தீர்ந்தால் கணக்கு டீச்சர் ஆகிவிடுகிறாள். நேற்று கன்டோன்மென்ட் தாண்டுவதற்குள் பதினேழாம் வாய்ப்பாட்டை என் வாயால் சொல்ல வைத்துவிட்டாள். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. கல்யாணமாகி பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. நல்ல பிரேக் ஒரு குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்கிறது பார்.

பழைய பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, பிரேக் ஆயிலும் குறையவில்லை, பெடலும் கீழே இறங்கியதில்லை. மற்றதெல்லாம் நீ எழுதியபடி சரியாகவே போட்டேன்.

அன்புடன்,
வில்பிரட்

---

நாகர்கோவில்
நவம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் வாய்ப்பாட்டுப் பயணத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் தொழில்காரி புத்தி சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆயில் குறையவில்லை, பெடல் இறங்கவில்லை. அப்படியென்றால் ஆகஸ்டில் கார் ஏன் தாமதமாக நின்றது? அந்தப் பழைய பிரேக்கில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்.

"மற்றதெல்லாம்" என்று ஒரு கிரீஸ் கம்பெனி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. எதைப் போட்டாய்?

உன் தங்கை,
டெல்பின்

---

ஜனக்புரி
டிசம்பர் 8

அன்புள்ள டெல்பினுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. காருக்குத்தான் சுகமில்லை.

பத்து நாளாகக் காலையில் எடுக்கும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல கார் நகர மறுக்கிறது, இடது பக்கம் இழுக்கிறது. கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை. நிறுத்தி இறங்கிக் கையை வைத்தால் இடது முன்சக்கரம் சுடுகிறது, வலது சும்மா இருக்கிறது. பத்து நிமிடம் ஓட்டினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. மத்தியானம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏக்தம் டீக் ஹை, பாயி சாப்", ஒரு குறையும் இல்லை என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்தான். நோயாளி டாக்டர் முன்னால் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுமே, அந்தக் கதைதான்.

இடது பக்கம் பிலோமினா உட்காரும் பக்கம். வாடை அவளுக்குத்தான் முதலில் வருகிறது. மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். அவள் மறுபடி இறங்கிவிட்டால் இன்னொரு தடவை ஏற மாட்டாள்.

சீக்கிரம் எழுது.

வில்பிரட்

---

நாகர்கோவில்
டிசம்பர் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பை அடுத்த தடவை வைத்துக்கொள்ளலாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், நின்றபடியே படி.

பிரேக்கை விட்ட பிறகும் காலிப்பர் பிடியை விடவில்லை. காரணம் மூன்றில் ஒன்று. ரப்பர் பைப் உள்ளே அடைத்திருக்கலாம், பிஸ்டன் இறுகியிருக்கலாம், பின் சறுக்காமல் இருக்கலாம். சக்கரம் சுடும்போது அந்த இடத்திலேயே ஜாக்கி வைத்துத் தூக்கு. காற்று எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் திற. ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் சுதந்திரமாகச் சுற்றினால் பைப் கெட்டிருக்கிறது. சுற்றாவிட்டால் பிஸ்டன், இல்லையென்றால் பின். பார்த்ததும் நிப்பிளை மூடி, ஆயில் ஊற்றி, மறுபடி காற்றெடு. இதைக் காலையில் செய், மத்தியானம் செய்யாதே.

காரை எங்கே நிறுத்துகிறாய், எந்தப் பக்கம் வெயில் படுகிறது என்றும் எழுது.

கிரீஸ் பெயரைக் கேட்பது இது மூன்றாம் முறை.

டெல்பின்

---

ஜனக்புரி
டிசம்பர் 19

அன்புள்ள டெல்பினுக்கு,

நீ சொன்னபடி காலையிலேயே செய்தேன். கை விரைத்துவிட்டது. நிப்பிளைத் திறந்தேன், சக்கரம் அசையவில்லை. ஆக, பைப்பில் குறையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, மத்தியான வெயிலில் காலிப்பரைக் கழற்றினேன். பிஸ்டன் பூவாகப் போய் வந்தது. பின்னைத் தொட்டேன், அதுவும் விரலுக்கு ஓடியது. மூன்றிலும் குறையில்லை என்றால் குறை எங்கேதான் இருக்கிறது?

டூட்டிக்கு நடந்துதான் போகிறேன், ராத்திரி கார் வீட்டிலேயே சுவரை ஒட்டி நிற்கும். வலது பக்கம் காலை வெயில் படும். இடது பக்கம் சுவர், எப்போதும் நிழல்தான்.

இனி இதெல்லாம் தேவைப்படாது போலிருக்கிறது. பனிமூட்டம் இறங்கிவிட்டது. நேற்று பிலோமினா காரை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டாள். வாடை பிடிக்கவில்லையாம், மெட்ரோவே நல்லதாம். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தன்மையாகச் சொன்னாள். என் வார்டில் வேலை பார்க்கும் பிராங்ளின் ஜனவரி இரண்டாம் தேதி வந்து வண்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வில்பிரட்

---

நாகர்கோவில்
டிசம்பர் 23

அண்ணா,

உன் வார்டில் ஒரு நோயாளியிடம் என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று நீ கேட்கிறாய். அவன் மூன்று தடவையும் "எல்லாம் சரியாகச் சாப்பிட்டேன்" என்கிறான். விட்டுவிடுவாயா?

பின்னில் என்ன தடவினாய்? ஒரே வரியில் எழுது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மூவருக்கும் என் முத்தங்கள்.

டெல்பின்

---

ஜனக்புரி
டிசம்பர் 30

அன்புள்ள டெல்பினுக்கு,

தேங்காய் எண்ணெய்.

ஒரே வரியில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இனி கொஞ்சம் நியாயமும் கேள். அந்த ஞாயிறு எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகுதான் கிரீஸ் வாங்கவில்லை என்று தெரிந்தது. நான் போன கடையெல்லாம் பூட்டியிருந்தது. பெட்ரோலியம் பட்டால் ரப்பர் உப்பும் என்று நீ எழுதியிருந்தாய். தேங்காய் எண்ணெயில் ஏது பெட்ரோல்? படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிகளின் முதுகுக்கே அதைத் தடவுகிறோம், ரப்பருக்கு என்ன கெடுதல் வரப்போகிறது என்று தோன்றியது. உன் செக்கு எண்ணெய் பார்சல் முந்தின நாள்தான் வந்திருந்தது. தாராளமாக ஊற்றினேன். அக்டோபரில் அந்தப் பின்கள் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று காலை, குளிக்கப் போன பிலோமினா எண்ணெய் பாட்டிலைச் சுடுதண்ணீர் வாளியில் நிறுத்தி வைத்திருந்தாள். உள்ளே எண்ணெய் வெள்ளையாக, மெழுகாகக் கெட்டித்துக் கிடந்தது. நான் பல் துலக்கும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டேன். பதினெட்டுக் குளிர்காலமாக இந்த வீட்டில் அந்த வாளியைப் பார்க்கிறேன். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் உறையும் என்று எனக்குத் தெரியும். காருக்குள் போன பிறகு அதுவும் அதே எண்ணெய்தான் என்று மண்டையில் ஏறவில்லை. சுவர்ப் பக்க நிழலில் இரவெல்லாம் உறைந்து பின்னைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக் சூட்டில் உருகி விட்டுவிடுகிறது. மத்தியானம் எவன் பார்த்தாலும் குறை தெரியாது. நாகர்கோவிலில் இருந்துகொண்டு உனக்கும் இது தோன்றியிருக்காது. அங்கே எண்ணெய் எப்போது உறைந்தது?

ரப்பரும் கொஞ்சம் ஊதித்தான் இருந்தது. புது ரப்பர் மாற்றி, நீ சொன்ன கிரீஸையே போட்டுவிட்டேன். மூன்று நாளாக இரண்டு சக்கரத்திலும் சூடு சமமாக இருக்கிறது.

நேற்று பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒர்க்‌ஷாப் பொய், எண்ணெய், எல்லாம். உன் கடிதங்களை அவள் மடியில் வைத்தேன். நான் உனக்கு எழுதியவற்றை நகலெடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, வார்டு ரிப்போர்ட் எழுதி வந்த புத்தி. அவற்றையும் வைத்தேன்.

அவள் சொன்னதை என்னால் எழுத முடியவில்லை. அவளே எழுதுவாள்.

அன்புடன்,
வில்பிரட்

---

ஜனக்புரி
பிப்ரவரி 11

அன்புள்ள டெல்பின்,

உன் மதினி. நாங்கள் நலம், நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஜனவரியில் நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் உன் அண்ணன் பதில் எழுதவில்லை. போனில் நீ என்னைக் குடைந்தபோதெல்லாம் எழுதுகிறேன் என்று நானும் தள்ளிப்போட்டேன். இதைப் பேச எனக்கு வராது, எழுதத்தான் வரும்.

கடிதங்களையெல்லாம் படித்தேன். தேங்காய் எண்ணெய் வந்த இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நான் மூன்று தடவை படித்தது முதல் கடிதம். அந்த நாற்பது நிமிடம்தான் சேர்ந்து கிடைத்த நாள் என்று எழுதியிருக்கிறார். பதினெட்டு வருடத்தில் என்னிடம் அதை ஒரு தடவை சொன்னதில்லை. ராத்திரி முழுக்க நின்ற காலோடு என்னைக் கொண்டுவிடுவது அவருக்குப் பாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பழைய பிரேக்கில் குறை இல்லையே என்று நீ கேட்டிருந்தாய். நீ கெட்டிக்காரி. குறை இல்லை. தௌலா குவானில் அவர் கண் மூடிவிட்டது. நான் சத்தம் போட்டேன், அதற்குப் பிறகுதான் மிதித்தார். நின்றதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, பிரேக் பிடிக்கவில்லை என்பது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பதினொரு வருடத்தில் வார்டில் ஒரு நாள் கண் அசந்ததில்லை என்று பெருமையாகச் சொல்கிற மனுஷனிடம், பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் தூங்கினீர்கள் என்று எப்படிச் சொல்வது? நான் மெட்ரோவில் போனால் அவர் நேரே வீட்டுக்கு வந்து படுப்பார் என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்காருவார் என்று கண்டேனா?

அக்டோபரில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏறினேன். ஏறிவிட்டுப் பேசினேன். நிறுத்தினால் கண் சொருகிவிடுமே என்று பேசிக்கொண்டே இருந்தேன். பதினேழாம் வாய்ப்பாடு அதற்குத்தான். டிசம்பரில் பனிமூட்டம் வந்ததும் எனக்குத் தைரியம் போய்விட்டது. அந்தக் கருகல் வாடையை நல்ல சாக்காக எடுத்துக்கொண்டு, விற்றுவிடலாம் என்றேன்.

அன்று எண்ணெய்க் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"ஆகஸ்ட்லயும் பிரேக்குல ஒண்ணுமில்ல. நீங்க தூங்கிட்டிய" என்றேன்.

என் மடியிலிருந்த கடிதங்களை எடுத்து அடுக்கினார். பிறகு, "தெரியும். நீ போட்ட சத்தத்துலதான் முழிச்சேன்" என்றார்.

இரண்டு பேருக்கும் தெரிந்ததை இரண்டு பேரும் மறைத்து, நடுவில் ஒன்றும் அறியாத பிரேக்கைக் கழற்றிப் போட்டிருக்கிறோம். அன்று அவர் அழுதார், டெல்பின். நானும்தான்.

பிராங்ளினிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. உன் அண்ணன் நைட் டூட்டியை விட்டுவிட்டார். சாணக்யபுரியில் ஒரு கிளினிக்கில் பகல் வேலை, இந்த மாதம் முதல் தேதி சேர்ந்தார். என் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் பஸ்ஸில் பத்து நிமிடம். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகவே கிளம்புகிறோம்.

ஓட்டுவது நான். ஒன்பது வருடமாகப் பர்ஸில் கிடந்த லைசென்ஸை வெளியே எடுத்து, ஜனவரி முழுக்க ஞாயிறுகளில் பழகினேன். அதுவரை மெட்ரோவில் சேர்ந்து போனோம், வாரநாளில் நேற்றுதான் முதல் தடவை ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் என் இடத்தில் உட்கார்ந்தார். இனி நாற்பது நிமிடமும் நான்தான் பேசப் போகிறேன், நீ கேட்டுக்கொண்டு வா என்று பெரிதாக ஆரம்பித்தார். பதினொரு வருடம் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு, கன்டோன்மென்ட் வருவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது, லேசாகக் குறட்டையும் கேட்டது. வழியில் பதினான்கு சிக்னல். ஒவ்வொன்றுக்கும் தூரத்திலேயே காலை வைத்து, மெல்ல மெல்ல மிதித்து நிறுத்தினேன். அருமையான பிரேக், டெல்பின். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அவர் ஒரு தடவைகூட விழிக்கவில்லை.

அன்புடன்,
பிலோமினா